கிருஷ்ணாயிலில் பறந்த ராக்கெட்

சுட்ட இரும்புக்கு ஒரு வாசனை உண்டு. பழைய பெயின்ட் கருகி, துரு பொரிந்து, உப்புக்காற்றில் பல வருடம் ஊறிய தகடு நெருப்புக்கு விட்டுக்கொடுக்கும்போது கிளம்புகிற அந்த வாசனை, உதட்டைக் கடித்துக்கொண்டு ரத்தம் ஊறியதுபோல நாக்கின் அடியில் போய் நிற்கும். என் சின்ன வயதில் தினமும் மாலை ஆறு மணிக்குத் திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு முதலில் அந்த வாசனை வரும். அதற்குப் பின்னால் நைனா வருவார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுவார். சட்டை முழுக்கத் தீப்பொறி பட்ட பொத்தல்கள். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் வானம் மாதிரி இருக்கிறது என்று நான் சொல்வேன். தைக்கிறவளுக்குத்தான் அந்த வானத்தின் அருமை தெரியும் என்பாள் அம்மா.

நைனா "கேஸ் கட்டர்". எண்ணூர் விரைவுச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே, தகரத் தடுப்பு போட்ட ஒரு யார்டில், ஆலைகள் கழித்துப்போட்ட பாய்லர்களையும் தொட்டிகளையும் துறைமுகத்திலிருந்து வரும் கப்பல் உறுப்புகளையும் துண்டு துண்டாக வெட்டுவது அவர் வேலை. ஒரு சிலிண்டரில் எரிகிற வாயு, இன்னொன்றில் ஆக்சிஜன். ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பாக, ஆள் உயரத்துக்கு நிற்கும். அந்தக் கறுப்புச் சிலிண்டர் யார்டில் நின்றுகொண்டு எங்கள் வீட்டை ஆண்டது என்று சொன்னால் மிகையில்லை. "ஆக்சிஜனுக்கு எண்ணெ ஆவாது" என்பது நைனா வாயில் அடிக்கடி வருகிற சொல். வேலைநாளில் அவர் தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டார். மதியச் சோற்றில் வறுத்த மீன், அப்பளம், தாளித்த பொரியல் எதுவும் கூடாது. தயிர்ச் சோறும் அவித்த முட்டையும்தான். காலையில் கிளம்பும்போது என் தலையைத் தடவிக்கொடுக்கக்கூடக் கை நீட்டமாட்டார், நான் எண்ணெய் வைத்துப் பின்னியிருப்பேன் என்பதால். உங்கள் வூட்டில் எண்ணெ டப்பாவைப் பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று பக்கத்து வீட்டு அக்கா அம்மாவைக் கேட்டுக் கேலி செய்வாள்.

ஏன் ஆகாது என்று ஒருமுறை கேட்டேன். "ஆவாதுன்னா ஆவாது" என்றார் நைனா. அவருக்கு அவருடைய மேஸ்திரி அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகாது என்கிற மாதிரி அது ஒரு சொல், அதற்கு மேல் விளக்கம் கிடையாது. எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டுப் பழகிய எட்டாம் வகுப்புப் பெண்ணான நான், விளக்கு வைத்தபின் வீடு கூட்டக்கூடாது, செவ்வாய்க்கிழமை நகம் வெட்டக்கூடாது என்கிற வரிசையில் அதையும் கொண்டுபோய் வைத்துவிட்டேன். பிறகு நடந்ததற்கெல்லாம் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. பள்ளியில் அறிவியல் டீச்சர் பூட்டி வைத்திருந்த மர அலமாரியில், யாரோ கொடுத்துவிட்டுப்போன பெரிய ஆங்கிலப் படப்புத்தகம் ஒன்று இருந்தது. நடுவில் நான்கு மடிப்பாக மடித்த ஒரு தாள். பிரித்தால் மேசையைத் தாண்டித் தொங்கும். மனிதர்களை முதன்முதலாக நிலவை நோக்கித் தூக்கிக்கொண்டு போன சாட்டர்ன் ஐந்து என்ற ராக்கெட்டின் உடலை, மீனை வகிர்ந்து காட்டுவதுபோல நெடுக வகிர்ந்து வரைந்திருந்தார்கள். முப்பத்தாறு மாடி உயரம். அடியில் ஐந்து எஞ்சின்கள், ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் எங்கள் வீட்டுச் சமையலறையை வைத்துவிடலாம். இத்தனையும் எதற்கு என்றால், உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கூம்புக்குள் மூன்று பேர். மூவாயிரம் டன் எடையில் திரும்பி வருவது அந்தக் கூம்பு மட்டும்தான். மற்றதெல்லாம் வழியிலேயே கழற்றி எறியப்படும். எனக்கு அதைப் பார்த்தபோது சந்தோஷத்தோடு ஒரு பயமும் வந்தது. எங்கள் மாடியிலிருந்து வடக்கே பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் சிவப்பு விளக்கை அணைத்து அணைத்து எரித்துக்கொண்டு நிற்கும். மேற்கே மணலியில் ஆலையின் தீ நாக்கு எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கும். என்றைக்காவது அந்தப் புகைபோக்கிகளில் ஒன்று அடியில் தீப்பிடித்து மேலே கிளம்பிவிடும் என்று கனவு காண ஆரம்பித்தேன். கனவில் அது ஒருபோதும் நேராகப் போனதில்லை.

அகராதியை வைத்துக்கொண்டு அந்தத் தாளில் இருந்ததை ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். பெரிய எழுத்தில் இருந்ததைப் படித்தேன் என்று சொல்வதே சரி. ஓரத்தில் எறும்பு வரிசை போல இருந்த பொடி எழுத்துக்கு எனக்குப் பொறுமை இல்லை. அப்படிப் படிக்கும்போதுதான் முதல் அடுக்கின் எரிபொருள் கெரசின் என்று இருந்தது கண்ணில் பட்டது. கிருஷ்ணாயில். ரேஷன் கடையில் நீல நிறத்தில் ஊற்றுவார்களே, கேன் மூடி ஒழுகிப் பாவாடையெல்லாம் நீலத் திட்டாகிவிடுமே, அம்மா பம்ப் ஸ்டவ்வுக்கு ஊற்றிவிட்டு மிச்சத்தை மூலையில் மூடி வைப்பாளே, அதே கிருஷ்ணாயில். நிலாவுக்குப் போனவர்கள் ஏழெட்டு லட்சம் லிட்டர் கிருஷ்ணாயிலின் மேல் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். இரண்டரை நிமிடத்தில் அத்தனையும் தீர்ந்திருக்கிறது. அதை எரிக்க அவர்கள் கூடவே எடுத்துப்போனது ஆக்சிஜன். ஒன்று எங்கள் சமையலறையில் இருக்கிறது, மற்றது நைனாவின் யார்டில் இருக்கிறது. தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். அன்றிலிருந்து என் பெயர் "ராக்கெட்டு" ஆனது.

மழைக்காலம் தொடங்கி, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பள்ளியில் அறிவியல் கண்காட்சி அறிவித்தார்கள். அட்டையில் செய்தால் மழை ஈரத்தில் நமுத்துப்போகும், இரும்பில் வேண்டும் என்று அடம் பிடித்தேன். ஒரு சனிக்கிழமை நைனா என்னை யார்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், கழித்த குழாய்களில் வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளச் சொன்னார்.

அங்கேதான் தாஸ் மாமா இருந்தார். நெட்டுக்குப்பத்துக்காரர். முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மீன் குறைந்தபோதும் கடலை விடாதவர், போட்டு என்று அவர்கள் சொல்லும் மோட்டார் படகு சுனாமியில் போனபிறகு வேறு வழியில்லாமல் யார்டுக்கு வந்து, நைனாவுக்குக் கூட்டாளியாகச் சேர்ந்திருந்தார். வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. யார்டில் மற்றவர்கள் என் ராக்கெட் கதையைக் கேட்டுக் கொட்டாவி விடுவார்கள். தாஸ் மாமா மட்டும் கேள்வி கேட்பார். கடலில் இருந்தவருக்கு வானம் தெரியும். நிலா வளரும்போது வலை எப்படி, தேயும்போது எப்படி என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், வெட்டக் காத்திருந்த ஒரு பெரிய தொட்டித் தகட்டின் மேல், அவர்கள் அளவு குறிக்கிற சாக்கட்டியால் ராக்கெட்டை வரைந்து காட்டினேன். ஐந்தாறு பேர் டிபன் டப்பாவோடு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நைனா கேட் பக்கம் லாரியில் இரும்பு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பேச்சு அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இந்தக் கட்டுரை இருந்திருக்காது. நான் கீழ்த் தொட்டியைத் தட்டி இது கிருஷ்ணாயில் என்றேன், மேல் தொட்டியைத் தட்டி இது உங்கள் கறுப்புச் சிலிண்டர் சமாச்சாரம் என்றேன். சிரித்தார்கள். நிலாவுக்குப் போகவும் ரேஷன் கார்டு வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். தாஸ் மாமா சிரிக்கவில்லை. எழுந்து வந்து படத்தைக் கிட்டத்தில் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே வண்டியில ஒட்டிகினு கீதே, ஒண்ணும் ஆவாதா?"

"ஒண்ணும் ஆவாது மாமா. ஆக்சிஜன் கொழாயே கிருஷ்ணாயில் டேங்கு உள்ளாற பூந்துதான் கீழ வருது."

அது உண்மைதான். படத்தில் அப்படித்தான் இருந்தது: மேல் தொட்டியிலிருந்து ஐந்து குழாய்கள் கீழ்த் தொட்டியின் வயிற்றை ஊடுருவி எஞ்சினுக்கு இறங்கின. தாஸ் மாமா அந்த ஐந்து கோடுகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கேட் பக்கம் திரும்பி, உன் நைனா சும்மானாச்சியும் தலை காய்ந்துபோய்க் கிடக்கிறார் என்றார். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பெரியவர்கள் பயப்படுகிற ஒன்றுக்கு நான் பயப்படவில்லை என்கிற அந்தச் சுகம் இன்னும் நினைவிருக்கிறது.

அதற்கடுத்த நாட்களில் மழை விடவே இல்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மணலிப் பக்கமிருந்து கண்ணைக் கரிக்கிற ஒரு நெடி காற்றோடு வந்து, வகுப்பில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முகத்துவாரத்தில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதப்பதாகச் சொன்னார்கள். யார்டில் உப்பும் ஈரமும் சேர்ந்து பித்தளைத் திருகுகளெல்லாம் இறுகிப்போகின்றன என்று நைனா சலித்துக்கொண்டார். நான் வரைந்த தகட்டை இன்னும் வெட்டவில்லையாம். பாப்பா படம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தாஸ் மாமா தடுத்து, அதை விட்டுச் சுற்றி வெட்டிக்கொண்டு வருகிறாராம். அம்மா அதைக் கேட்டுச் சிரித்தாள்.

மழை சற்று விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை, கணக்கு வகுப்பில் இருக்கும்போது கடல் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஒரே ஒரு சத்தம். ஜன்னல் கம்பி அதிர்ந்து நின்றது. தீபாவளி வெடி என்று ஒருத்தி சொன்னாள், டேங்கர் லாரி டயராக இருக்கும் என்று டீச்சர் சொன்னார். நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்தாவது எஞ்சினுக்கு நிழல் தீட்டிக்கொண்டிருந்தேன். தலையைக்கூடத் தூக்கவில்லை.

அன்று மாலை ஆறு மணிக்கு வாசனை வரவில்லை. எட்டரைக்கு நைனா வந்தார், வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னார். கறுப்புச் சிலிண்டரில் ரெகுலேட்டர் மாட்டுகிற இடம் இறுகிக்கிடந்ததாம். தாஸ் அதைத் துடைத்து மாட்டிவிட்டு வால்வைத் திறந்திருக்கிறார். திறந்த நொடியில் முகத்தின் மேலேயே வெடித்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை. வலது கண் போய்விட்டது, வலது கையில் இரண்டு விரலும்.

"கிருஷ்ணாயில் துணியால தொடைச்சிக்கிறான். பக்கத்துலயே கெடந்துது அந்தத் துணி. எவன் சொன்னான் அவனுக்கு?"

அம்மாவைப் பார்த்துத்தான் அதைக் கேட்டார். நான் உள்ளே கட்டிலில் இருந்தேன். எழுந்து போய் நான்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். பயத்தில் பேச்சு வரவில்லை என்று பலநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் தூங்குவதுபோல மூச்சைச் சீராக விட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு கவனமாக நடிக்கிறவளுக்குப் பேச்சு வராமல் போகாது.

அதற்குப் பிறகு எண்ணெய் என்கிற அந்த ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் எண்ணெய் என்றால் தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், மிஞ்சினால் கிரீஸ். கிருஷ்ணாயில் எண்ணெயில் சேராது. எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்குத்தான் கிருஷ்ணாயில். போட்டு மோட்டாரில் எது இறுகினாலும், எது பிசுபிசுத்தாலும், கிருஷ்ணாயிலில் துணியை நனைத்து ஒரு துடை. கடலில் போகிற அத்தனை பேருக்கும் அது கைப்பழக்கம். ஆகவே "ஆக்சிஜனுக்கு எண்ணெ ஆவாது" என்று நைனா நூறு முறை சொல்லியிருந்தாலும், அந்த எண்ணெயைத் துடைத்துச் சுத்தமாக்கத்தானே கிருஷ்ணாயில் என்று ஒரு கடல்காரருக்குத் தோன்றுவது இயல்பு. பாடப்புத்தகத்தில் அதன் பெயர் மண்ணெண்ணெய். அந்தச் சொல்லுக்குள்ளேயே எண்ணெய் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது. எனக்கு அந்தச் சொல் தெரியும். யார்டில் அதைச் சொன்னால் பள்ளிக்கூடத்துப் பெண் பீற்றிக்கொள்கிறாள் என்பார்கள், கிருஷ்ணாயில் என்றால்தான் சிரிப்பார்கள், அருகில் வருவார்கள் என்று தேர்ந்தெடுத்துச் சொன்னேன். அருகில் வந்தார்.

கண்காட்சிக்கு, யார்டில் பொறுக்கிய குழாயில் செய்த ராக்கெட்டைக் கொண்டுபோனேன். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயம்தான். பார்க்க வந்த ஒரு ஐயா, இது எதில் ஓடுகிறது என்று கேட்டார். மண்ணெண்ணெய் என்றேன். அழகாகச் சொல்கிறாய் என்று முதுகில் தட்டினார். வீட்டுக்கு வரும் வழியில், தேங்கிய மழைத்தண்ணீரில் அந்தக் குழாயைப் போட்டுவிட்டு வந்தேன். நான் வரைந்த தகட்டை யார்டில் அதற்குள் வெட்டி ஏற்றியனுப்பிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

மேலே படிக்கப் படிக்க அந்த ராக்கெட் இன்னும் இருட்டாகிக்கொண்டே போனது. அந்தப் பயணங்களுக்கு ஒத்திகை பார்க்கும்போது, தரையிலேயே, ஆக்சிஜன் நிரப்பிய கூம்புக்குள் ஒரு பொறி விழுந்து மூன்று பேர் கருகிப்போனதை வாசித்தேன். ஆக்சிஜன் தன்னளவில் எரிவதில்லை, பக்கத்தில் இருக்கிற எதையும் எரியவிடும், அழுத்தத்தில் பீறிட்டு வந்தால் எண்ணெய்ப் பசை பற்றிக்கொள்ளப் பொறிகூட வேண்டாம் என்பதைக் கல்லூரியில் கரும்பலகையில் எழுதிப்போட்டபோது, வகுப்பில் நான் மட்டும் அதை நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. ராக்கெட்டின் ஆக்சிஜன் குழாய்களுக்குள் ஒரு சொட்டு எண்ணெய்ப் பசை இருந்துவிடக்கூடாது என்று அதைக் கட்டியவர்கள் பட்ட பாட்டைப் படித்தேன். நைனாவின் காய்ந்த தலையைப் பற்றித்தான் அங்கே எழுதியிருந்தார்கள்.

இப்போது கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். நைனா போய் மூன்று வருடம் ஆகிறது. அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. யார்டு இருந்த இடத்தில் கன்டெய்னர்கள் அடுக்கியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் பம்ப் ஸ்டவ் இல்லை, நீல எண்ணெயின் வாடை இல்லை. கிருஷ்ணாயில் என்றால் என் மாணவர்கள் அது என்ன சாமி பெயரா மேடம் என்று கேட்கிறார்கள். அந்த மாபெரும் ராக்கெட்டுகளும் இல்லை. பறக்காமல் மிஞ்சியவை மூன்றே மூன்று, அருங்காட்சியகங்களில் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துக் கிடக்கின்றன.

போன மழைக்காலத்துக்கு முன்பு ஒருநாள் துணிந்து நெட்டுக்குப்பத்துக்குப் போனேன். மீன் இறங்குகிற இடத்தருகே போட்டுகளுக்கு ஐஸ் விற்றுக்கொண்டிருந்தார் தாஸ் மாமா. மூன்று விரலால் சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் கட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்துகொண்டு, உட்கார ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். நைனாவைப் பற்றிப் பேசினார். அவர் நிறுத்திய இடத்தில், இருபது வருடமாக வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

கேட்டுக்கொண்டே ஐஸ் உடைத்தார். "நீ இன்னாமோ படம் போட்டே, அதான் நெனப்பு கீது. நீ சொன்னது ஒண்ணும் என் காதுல வுழல கண்ணு. நான் போட்டுக்காரன், எதை எடுத்தாலும் கிருஷ்ணாயில்லதான் தொடைப்பேன். அது என் கிரகம்."

எனக்கு உடம்பிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒரு போட்டு வந்து ஐஸ் ஏற்றிக்கொண்டு போனது. எழுந்து புறப்படும்போது, அவர் முகத்தை மட்டும் திருப்பி, நல்ல கண்ணால் என்னைப் பார்த்தார்.

"ஆமா ராக்கெட்டு, அந்தக் கொழா அஞ்சும் கிருஷ்ணாயில் டேங்கு உள்ளாற பூந்துதானே வந்துது. அது எப்டி பத்திக்காம போச்சி?"

அன்று யார்டில் நான் சொன்ன அதே வார்த்தை. மறுபடி உட்கார்ந்தேன். ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் இன்னொரு குழாய் இருந்தது மாமா, என்றேன். ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். எரிய வேண்டிய இடம் வரும்வரை ஒன்றோடு ஒன்று தொடவே இல்லை.

"அதான பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டியை எடுத்தார்.